கரண்ட் போனால் ஜெனரேட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெனரேட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஷாக்குக்குப் பயப்படுகிறார்கள். புகைக்குப் பயப்படுவதில்லை. ஆனால் வீட்டு ஜெனரேட்டரால் போகும் உயிர்களில் பெரும்பங்கு புகையால்தான் போகிறது. அதனால் இந்தப் பக்கத்தில் புகைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். கையால் தூக்கியோ சக்கரத்தில் தள்ளியோ கொண்டுபோகக்கூடிய, பெட்ரோலில் ஓடும் சிறிய ஜெனரேட்டரை மனதில் வைத்து எழுதியது இது.

ஜெனரேட்டரை எங்கே வைப்பது?

வெளியே, திறந்த வெளியில், வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி. சைலன்சர் எந்த வீட்டையும் பார்க்காமல் காலி இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் 20 அடியும் இந்தக் கணக்குதான். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் இதே தூரம் பொருந்தும். நம் வீட்டுப் படுக்கையறையிலிருந்து தள்ளி வைக்கிறேன் என்று அவர்கள் வீட்டுப் படுக்கையறைக்குக் கீழே வைத்துவிடக் கூடாது.

இந்த இடத்தைக் கரண்ட் போன பிறகு இருட்டில் தேடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் ஒருநாள் டேப் பிடித்து அளந்து, தரையில் ஒரு அடையாளம் போட்டுவிடுங்கள். தரை சமமாக இருக்க வேண்டும். சாய்வாக நின்றால் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி எஞ்சினின் உள்பாகங்கள் காய்ந்துபோகும், பெட்ரோலும் கசியும்.

ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு உள்ளே ஓட்டலாமா?

கூடாது. மின்விசிறியையும் ஓடவிட்டால்? அப்போதும் கூடாது.

காரணம், வெளியேறும் நச்சின் அளவு. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. இன்றைய கார்களின் புகைக்குழாயில் அதைச் சுத்தம் செய்யும் கருவி உண்டு. சிறிய ஜெனரேட்டர்கள் பெரும்பாலானவற்றில் கிடையாது. ஒரே ஒரு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் விடும் அளவுக்கு இந்த வாயுவைக் கக்க முடியும் என்று அதே ஆணையம் எச்சரிக்கிறது. ஜன்னல் வழியாக வரும் காற்று அதை ஈடுகட்டாது. சில சமயம் காற்று எதிர்த்திசையில் வீசி, திறந்த ஜன்னலே புகையை உள்ளே தள்ளும் வழியாகிவிடும்.

கார் நிறுத்தும் ஷெட், பால்கனி, மாடிப்படிக்கு அடியில்?

மூன்றுமே உள்ளே வைத்ததற்குச் சமம். ஷெட்டின் பெரிய கதவு முழுவதும் திறந்திருந்தாலும் சரி. ஷெட்டுக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள கதவின் இடுக்கு, சுவரில் வயர் போகும் ஓட்டை, பொய்க்கூரை என வாயு நுழைய ஆயிரம் வழி. மாடிப்படிக்கு அடியில் வைத்தால் படிக்கட்டே புகைபோக்கியாக வேலை செய்து மேல்மாடி அறைகளை நிரப்பும். குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால், அது வெளியே தள்ளும் காற்றுக்குப் பதிலாக வீடு வேறு இடுக்குகளிலிருந்து காற்றை உறிஞ்சும். ஜெனரேட்டர் பக்கம் ஒரு இடுக்கு இருந்தால் அங்கிருந்தும் உறிஞ்சும்.

மொட்டை மாடி? சுற்றிலும் திறந்திருந்து, படிக்கட்டு வாசல், தண்ணீர்த் தொட்டி அறை, பக்கத்து ஜன்னல்கள் ஆகியவற்றிலிருந்து அந்த 6 மீட்டர் உண்மையாகவே கிடைத்தால் யோசிக்கலாம். ஆனால் பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு இருட்டில் மாடிப்படி ஏறுவது எனக்குப் பிடித்த யோசனை இல்லை.

புகை வாடையே வரவில்லை. அப்படியென்றால் பாதுகாப்புதானே?

இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது, கண் எரிச்சலும் கிடையாது. நாம் மோப்பம் பிடிக்கும் புகைவாடை எஞ்சினிலிருந்து வரும் வேறு பொருள்களுடையது. அது வராத இடத்திலும் இந்த வாயு இருக்கலாம். அது கனமான வாயு, தரையோடு படிந்துவிடும் என்று சிலர் சொல்வதும் தவறு. காற்றைவிடச் சற்றே லேசானது. காற்றோடு கலந்து அறை முழுவதும் பரவும். கட்டிலில் படுத்திருப்பவருக்கும் நிற்பவருக்கும் ஒரே ஆபத்து.

நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், இந்த வாயுவை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பேருந்தின் இருக்கைகளை எல்லாம் ஒருவரே துண்டு போட்டுப் பிடித்துவைப்பது மாதிரி. நுரையீரல் நிறைய காற்று இருக்கும், ஏறத்தான் இடமிருக்காது.

நிலக்கரிச் சுரங்கங்களில் இதே வாயுவைக் கண்டுபிடிக்கக் கூண்டில் கேனரிக் குருவிகளைக் கொண்டுபோனார்கள். அந்த யோசனையைச் சொன்னவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர். தன் உடம்பிலேயே இந்த வாயுவைச் சோதித்துப் பார்த்தவர் அவர். பிரிட்டன் சுரங்கங்களில் 1986 வரை குருவிகள் வேலையில் இருந்தன. மனித மூக்கு இந்த விஷயத்தில் எவ்வளவு உதவாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உடம்பில் என்ன அறிகுறி தெரியும்?

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வாந்தி, கை கால் தளர்ச்சி, மந்தமான நினைவு. பார்த்தால் காய்ச்சலுக்கு முந்தைய அலுப்பு போலவே இருக்கும், ஆனால் காய்ச்சல் அடிக்காது. இரண்டு துப்புகளைக் கவனியுங்கள். ஒன்று, வீட்டில் பலருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தலைவலி வருகிறதா? இன்னொன்று, வெளியே போனால் தெளிந்து, உள்ளே வந்தால் திரும்புகிறதா? இரண்டில் ஒன்று ஆம் என்றாலும் எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தூங்குபவருக்கு இந்த எச்சரிக்கை எதுவும் கிடைக்காது. தலைவலி எழுப்புவதற்குள் மயக்கம் முந்திவிடும்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் 98 காட்டுகிறது. பயப்பட வேண்டாம்தானே?

இந்தக் கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் இப்போது இந்தக் கருவி இருக்கிறது. சாதாரண ஆக்ஸிமீட்டர் ரத்தத்தின் நிறத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. கார்பன் மோனாக்சைடைப் பிடித்த ஹீமோகுளோபினும் அதன் கண்ணுக்கு ஆக்சிஜனைப் பிடித்ததைப் போலவே தெரியும். ஆகவே ஆள் மயங்கும் நிலையிலும் 98 காட்டும். அந்த எண்ணை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். உண்மையான அளவு மருத்துவமனையில் செய்யும் ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் என்ன செய்வது?

திறந்த வெளிக்கு இழுத்து வாருங்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள். ஜெனரேட்டர் ஓடியது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் வேறு காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும். மூச்சு இல்லையென்றால், தெரிந்தவர்கள் மார்பு அழுத்தத்தை உடனே தொடங்க வேண்டும். உள்ளே வாயு நிறைந்திருக்கிறது என்று தெரிந்தால் நீங்கள் நுழையும் முன் யோசியுங்கள். காப்பாற்றப் போனவரும் பக்கத்திலேயே விழுவது இதில் வழக்கமாக நடக்கும் துயரம். சில நொடிகளில் எட்டி இழுக்க முடியாத இடம் என்றால், மூச்சுக்கருவியோடு வரும் தீயணைப்புத் துறைக்கு விடுங்கள்.

வெளிக்காற்றில் தெளிந்துவிட்டார் என்றாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் உள்ள வாயு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். முகக்கவசம் வழியே தூய ஆக்சிஜன் கொடுத்தால் அது ஒன்று, ஒன்றரை மணி நேரமாகக் குறையும்.

இதற்கு அலாரம் உண்டா?

உண்டு. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம். கரண்ட் இல்லாத நேரத்துக்குத்தான் இது வேண்டும் என்பதால், கரண்டில் மட்டும் ஓடும் மாடலை வாங்கிவிடாதீர்கள். படுக்கையறைக்கு அருகே ஒன்று, மாடி இருந்தால் மாடிக்கு ஒன்று. நெருப்புப் புகையைக் கண்டுபிடிக்கும் அலாரம் வேறு, இது வேறு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஆயுள் உண்டு. பின்பக்கத்தில் அச்சிட்ட தேதி தாண்டினால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

வாயு அதிகமானால் தானாகவே அணைந்துவிடும் ஜெனரேட்டர் வந்திருக்கிறதே?

நல்ல வசதிதான், காசு இருந்தால் அதையே வாங்குங்கள். ஆனால் அதன் சென்சார் இருப்பது ஜெனரேட்டர் மேல். ஜெனரேட்டர் வெளியே நல்ல காற்றில் நின்றுகொண்டு, புகையை மட்டும் ஜன்னல் வழியே உங்கள் அறைக்கு அனுப்பினால் அதற்குத் தெரியாது. 6 மீட்டர் விதி அதற்கும் உண்டு.

டீசல், கேஸ் ஜெனரேட்டரில் இந்த ஆபத்து இல்லையா?

எரிபொருள் எரிகிற எல்லாவற்றிலும் உண்டு. டீசலில் இந்த வாயு குறைவு, இல்லாமல் இல்லை. பேட்டரியில் ஓடும் பவர் ஸ்டேஷன் (முன்கூட்டியே சார்ஜ் செய்து வைத்துக்கொள்ளும் பெரிய பேட்டரிப் பெட்டி) ஒன்றுதான் புகையே இல்லாதது. அதை மட்டும் வீட்டுக்குள் வைக்கலாம்.

மழை பெய்கிறது. எப்படி வெளியே வைப்பது?

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கரண்ட் போவது பெரும்பாலும் மழையும் காற்றும் அடிக்கும் நாளில். "ஒரு மணி நேரம்தானே" என்று ஜெனரேட்டரை வராந்தாவுக்கு நகர்த்துவார்கள்.

முன்கூட்டியே ஒரு கூரை போட்டு வையுங்கள். நான்கு கால், மேலே தகரம், நான்கு பக்கமும் திறப்பு. சாரல் சாக்கெட்டில் படாத அளவுக்குக் கூரை வெளியே நீண்டிருக்க வேண்டும். கீழே செங்கல் அடுக்கியோ மேடை கட்டியோ தண்ணீர் தேங்காத உயரம் கொடுங்கள். ஜெனரேட்டருக்கென்றே விற்கும் சிறிய கூடாரங்களும் இருக்கின்றன. தார்ப்பாயை மேலே போர்த்திவிட்டு ஓட்டுவது கூடாது: சூட்டில் தார்ப்பாயும் உருகும், எஞ்சினும் மூச்சுமுட்டும். ஈரக்கையோடு சாக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள். எதுவும் முடியவில்லை, கொட்டுகிற மழை என்றால், மழை விடும்வரை இருட்டில் இருப்பது மேல்.

வெளியே வைத்தால் திருடிவிடுவார்கள். சத்தம் வேறு.

நியாயமான கவலைகள். மழை, திருட்டு, சத்தம் மூன்றும் சேர்ந்துதான் ஜெனரேட்டரை மெல்ல மெல்ல வீட்டுக்குள் இழுத்து வருகின்றன. தரையில் கான்கிரீட்டில் ஒரு இரும்பு வளையம் பதித்து, தடிமனான சங்கிலியும் பூட்டும் போட்டால் திருட்டுக் கவலை பெரும்பாலும் தீரும். சத்தத்துக்கு இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் வாங்கலாம். லோடு குறைந்தால் எஞ்சின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். சாதாரண ஜெனரேட்டருக்கு அந்த வழியில்லை: பொதுவான வகையில், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றியே ஆக வேண்டும், ஒரே ஒரு பல்பு எரிந்தாலும். சத்தம் கேட்காமலிருக்கப் பெட்டி கட்டி உள்ளே வைத்துவிடாதீர்கள்; சூடாகித் தீப்பிடிக்கும்.

ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயரை எடுத்து சுவர் பிளக்கில் சொருகினால் வீடு முழுக்கக் கரண்ட் வருமாமே?

வரும். அதுதான் பிரச்சினை. வீட்டுக்கு மட்டும் வராது, வெளியே தெருக் கம்பிக்கும் போகும். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும் கருவி. தெருவிலிருந்து வரும் உயர் அழுத்தத்தைக் குறைத்து வீட்டுக்குத் தருவது போலவே, வீட்டிலிருந்து போவதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திக் கம்பியில் ஏற்றிவிடும். கரண்ட் இல்லை என்று நம்பி அறுந்த கம்பியைச் சரிசெய்ய நிற்கும் லைன்மேனுக்கு அதுவே எமன்.

இதற்காக இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர் ஒன்றைச் சிலர் தயாரிப்பார்கள். அதில் ஒரு முனையைக் கழற்றினால் கையில் இருக்கும் பித்தளைக் கம்பிகளில் முழு வோல்டேஜும் இருக்கும். நடுவே மெயின் கரண்ட் திரும்பி வந்தால் ஜெனரேட்டர் வெந்துபோகும், தீயும் பிடிக்கலாம்.

"மெயினை அணைத்துவிட்டுத்தான் செய்கிறேன்" என்பார்கள். நூறு முறை அணைப்பீர்கள். நூற்று ஒன்றாவது முறை, குழந்தை அழும்போது, இருட்டில் மறப்பீர்கள். மனிதனின் ஞாபகத்தை நம்பி இன்னொரு மனிதனின் உயிரை வைக்கக் கூடாது.

அப்படியென்றால் சரியான வழி எது?

சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒன்று மெயின், இல்லையென்றால் ஜெனரேட்டர்; இரண்டும் ஒரே நேரத்தில் வீட்டோடு சேர முடியாதபடி அதன் அமைப்பே தடுத்துவிடும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் போட வேண்டும். அந்தச் செலவு இப்போது முடியாதென்றால், ஜெனரேட்டரிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து நேராக ஃபிரிட்ஜையும் விளக்கையும் மாட்டிக்கொள்ளுங்கள். அழகாக இருக்காது, ஆனால் யாரையும் கொல்லாது.

எர்த் போட வேண்டுமா? ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் போதாதா?

உங்கள் மாடலின் கையேடு சொல்வதைச் செய்யுங்கள். பல சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் (கரண்ட் திரும்பி வரும் கம்பி) எர்த்தோடு இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் வீட்டில் உள்ள ஆர்சிசிபி, நீங்கள் எதிர்பார்க்கிறபடி டிரிப் ஆகாமல் போகலாம். சேஞ்ச் ஓவர் போட வரும் எலக்ட்ரீஷியனிடம் இதை நீங்களே கேளுங்கள்; எல்லாரும் தாமாகச் சொல்வதில்லை.

எத்தனை வாட் ஜெனரேட்டர் போதும்?

ஓடும்போது இழுப்பது ஒன்று, ஸ்டார்ட் ஆகும் நொடியில் இழுப்பது வேறு. மோட்டார் உள்ள எதுவும் கிளம்பும்போது மூன்று மடங்கு, சமயத்தில் அதற்கும் மேல் கேட்கும்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஃபிரிட்ஜ் 150 வாட், நான்கு ஃபேன் 280, பத்து எல்இடி பல்பு 90, டிவி 100, வைஃபை ரவுட்டர் 10. மொத்தம் 630. ஃபிரிட்ஜ் கிளம்பும் நொடிக்கு இன்னொரு 450 சேர்த்தால் 1080. ஆக 1.5 கிலோவாட் போதும். இதில் 1 குதிரைத்திறன் தண்ணீர் மோட்டாரைச் சேர்த்துப் பாருங்கள்: ஓடும்போதே ஏறத்தாழ 1000 வாட், கிளம்பும்போது 3000 அல்லது அதற்கும் மேல். ஜெனரேட்டரின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஒரு மோட்டார்தான். கரண்ட் இருக்கும்போதே தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டால் பாதி விலையில் பாதி எடையில் ஜெனரேட்டர் கிடைக்கும்.

பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் உச்ச அளவு, தொடர்ந்து தரும் அளவு சிறிய எழுத்தில் இருக்கும். கேவிஏ என்று போட்டிருந்தால் அது அப்படியே கிலோவாட் ஆகாது. பவர் ஃபேக்டர் (கேவிஏவில் எத்தனை பங்கு உண்மையில் கிலோவாட்டாகக் கிடைக்கும் என்ற விகிதம்) 0.8 என்றால் 2.5 கேவிஏ என்பது 2 கிலோவாட்தான்.

எந்த எக்ஸ்டென்ஷன் வயர் வாங்குவது?

வெளிப்புற உபயோகத்துக்கான, மூன்று கம்பி உள்ள, தடிமனான செம்பு வயர். 2000 வாட் லோடு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர். 120 வோல்ட் உள்ள ஊர்களில் 17. ஆம்பியர் இரட்டித்தால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். டிரம்மில் சுற்றியபடியே வயரை உபயோகிக்காதீர்கள், உள்சுற்றுகளின் சூடு வெளியே போக வழியில்லாமல் உருகும். முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். மிதியடிக்கு அடியிலும் கதவிடுக்கிலும் வயர் நசுங்கக் கூடாது. அரை மணி கழித்துத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் லோடைக் குறையுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் ஊற்றலாமா?

கூடவே கூடாது. அணைத்து, குறைந்தது 15 நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். சூடான சைலன்சர் மேல் சிந்தினால் கேட்கவே வேண்டாம். வெளிச்சத்துக்கு டார்ச் மட்டும். மெழுகுவர்த்தியோடு யாரையும் பக்கத்தில் நிற்கவிடாதீர்கள், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போய் எட்டத்தில் இருக்கும் சுடரையும் தொடும். தொட்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், பெட்ரோல் அதன் மேல் மிதந்து பரவும். உலர் பொடி தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில், ஆனால் ஜெனரேட்டரை ஒட்டாமல் வையுங்கள்.

பெட்ரோலை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

சில மாதங்களில் கெட்டுவிடும். எத்தனால் கலந்தது இன்னும் சீக்கிரம், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எரிபொருளுக்கென்று செய்த கேனில், வசிக்கும் அறைகளுக்கு வெளியே, அடுப்புக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து இழுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. ஏன்?

கார்புரேட்டரில் நின்ற பெட்ரோல் பிசினாகி அடைத்திருக்கும். மூட்டை கட்டும் முன் பெட்ரோல் வரும் வால்வை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிட்டிருந்தால் இது வந்திருக்காது. மாதம் ஒருமுறை சிறிய லோடு கொடுத்து ஓட்டிப் பாருங்கள். புது எஞ்சினில் முதல் எண்ணெய் மாற்றம் பல மாடல்களில் 20 மணி நேரத்திலேயே வரும். இதைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். எண்ணெய் குறைந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சென்சாரும் உண்டு, மெக்கானிக்கை அழைக்கும் முன் எண்ணெய் அளவு காட்டும் குச்சியை எடுத்துப் பாருங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் இருப்பவர் உண்டு. ஜெனரேட்டரை நம்பலாமா?

அதை மட்டும் நம்பாதீர்கள். பெட்ரோல் ஊற்றும் 20 நிமிடத்துக்கு என்ன செய்வீர்கள்? கருவிக்கு ஒரு பேட்டரி, கூடவே நிரப்பிய சிலிண்டர் ஒன்று இருக்க வேண்டும். அந்தக் கருவி அறைக்காற்றிலிருந்துதான் ஆக்சிஜனைப் பிரிக்கிறது, ஆகவே கார்பன் மோனாக்சைடு அலாரம் அந்த அறைக்குக் கட்டாயம்.

இரவு முழுவதும் ஓடவிட்டுத் தூங்கலாமா?

வேண்டாம். படுக்கும் முன் அணையுங்கள். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் 4 மணி நேரம்வரை குளிர்ச்சியைக் காக்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம்வரை தாங்கும்.

ஸ்டார்ட் செய்யவும் அணைக்கவும் வரிசை உண்டா?

உண்டு. லோடு எதுவும் இல்லாமல் ஸ்டார்ட் செய்து, ஓட்டம் சீரானதும் பெரிய மோட்டாரை முதலில், மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள். அணைக்கும்போது லோடுகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள். பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை லோடோடு விடாதீர்கள்; கடைசி நேரத்தில் எஞ்சின் திணறும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும், ஃபிரிட்ஜ் மோட்டார்கள் பழுதாவது அப்படித்தான்.